ஒரு பாதையை முதலில் முடியுங்கள்: சின்ன ஊரை எல்லோரும் நடமாடும் ஊராக்க ஒரு வழிகாட்டி

நான் பிளான் போட்டுக் கொடுக்கிற ஆள். தென்காசிப் பக்கம் ஒரு பேரூராட்சியில் இருபது வருஷமாக வீடு, கடை, கல்யாண மண்டபம் என்று வரைந்து கொடுத்துப் பிழைப்பு ஓடுகிறது. எங்கள் தெருமுனையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாச்சிக்குச் சின்ன வயதில் போலியோ. இரண்டு கையிலும் ஊன்றுகட்டை. வெளியே போக இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். சில வருஷம் முன்பு ஊரில் ஓர் அலுவலகத்தில் புதிதாகச் சாய்தளம் கட்டி, பக்கத்துச் சுவரில் நீலத்தில் வீல்சேர் படமும் வரைந்தார்கள். நான்தான் ஆசையாக அவரைக் கூட்டிப்போனேன். வண்டியில் உட்கார்ந்தபடியே அதைக் கீழிருந்து மேல்வரை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, இது மனுசன் ஏறவா, நெல்லு மூடையைச் சறுக்கி விடவா?"

அன்றைக்குத்தான் டேப் வைத்து அளந்தேன். ஒன்றரை அடி உயரத்துக்கு ஐந்தடி நீளச் சரிவு. அதில் எப்படியோ ஏறினால் வாசலில் நான்கு அங்குல நிலைப்படி. இறங்கினால் நேரே மூடாத வாறுகால், அதாவது சாக்கடை. சாய்தளம் கட்டியவர், கதவு வைத்தவர், வாறுகால் வெட்டியவர் என்று மூன்று ஒப்பந்தக்காரர்கள். அவரவர் வேலையை அவரவர் முடித்துவிட்டுப் பில் வாங்கிப் போயிருந்தார்கள்.

இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவது ஒரே விஷயத்தைத்தான். ஊர் முழுக்கப் பத்து இடத்தில் சாய்தளம் கட்டாதீர்கள். ஒரே ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து, கிளம்பும் இடத்திலிருந்து போய்ச்சேரும் இடம் வரை, உள்ளே போய் வேலையை முடித்துக்கொண்டு திரும்புகிற வரை, முழுசாக முடியுங்கள். அது முடிந்த பிறகு அடுத்த பாதை.

முதலில் ஆட்களைச் சேருங்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர், மக்கள்தொகையில் 1.6 சதவீதம். இருபதாயிரம் பேர் இருக்கிற ஊரில் இந்தக் கணக்குப்படியே 320 பேர் வருவார்கள். அந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகு வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், முன்பு 7 வகையாக இருந்த குறைபாடுகளின் பட்டியலை 21 வகையாக விரித்தது. இன்று எண்ணினால் ஆள் கூடத்தான் வரும். "நம்ம ஊர்ல அப்படி யாரும் இல்லையே" என்று கவுன்சிலர் சொன்னால் கோபப்படாதீர்கள். வெளியே வர வழியில்லாதவர்கள் அவர் கண்ணில் எப்படிப் படுவார்கள்?

உதவித்தொகை வாங்குகிறவர்களை கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியும். பள்ளிப் பிள்ளைகளைச் சிறப்பு ஆசிரியருக்குத் தெரியும். மற்றவர்களை டீக்கடைக்காரருக்குத் தெரியும். ஏழெட்டுப் பேர் போதும். ஆனால் ஏழும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது. வீல்சேரில் வருகிறவர், கட்டை ஊன்றுகிறவர், பார்வையே இல்லாதவர், கொஞ்சம் பார்வை உள்ளவர், காது கேளாதவர், ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அம்மா, வாக்கர் பிடித்து நடக்கும் தாத்தா. பெண்கள் பாதிப் பேராவது இருக்கட்டும். கழிப்பறை விஷயத்தில் ஆண்கள் மட்டும் கூடி எடுத்த முடிவு எதுவும் உருப்பட்டு நான் பார்க்கவில்லை.

2025-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, பேரூராட்சி, நகராட்சி, ஊராட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக உட்கார வழி செய்தது. உங்கள் மன்றத்தில் அது யார் என்று கேட்டு, குழுவுக்குள் முதல் ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மன்றக் கூட்டத்தில் உங்கள் பட்டியலை வாசிக்க உள்ளேயே ஓர் ஆள் கிடைத்த மாதிரி.

பாதையைத் தேர்ந்தெடுங்கள்

எங்கள் குழு எடுத்தது பேருந்து நிலையத்திலிருந்து அரசு மருத்துவமனை வரை. வழியில் மருந்துக்கடை, ஒரு வங்கி, ரேஷன் கடை. மொத்தம் முக்கால் கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டரைத் தாண்டினால் உற்சாகம் வற்றிவிடும். கோயில் வாசலையும் சேர்க்க வேண்டும் என்று சிலர் பிடிவாதமாக நின்றார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் கோயில் கல்படியில் கை வைப்பது தனிப் பஞ்சாயத்து, இரண்டாவது சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினோம்.

நடந்து அளந்து எழுதுங்கள்

கையில் வேண்டியவை: ஐந்து மீட்டர் டேப், இரண்டடி ரசமட்டம் (குமிழி வைத்து மட்டம் பார்க்கும் கட்டை), சாக்பீஸ், ஒரு நாற்பது பக்க நோட்டு, படம் எடுக்க ஒரு செல்போன். இரண்டு தடவை நடக்க வேண்டும். ஒன்று காலை பத்து மணிக்கு, கடைத்தெரு முழுசாகத் திறந்த பிறகு. இன்னொன்று இரவு ஏழு மணிக்கு. பகலில் சரியாக இருக்கிற பாதை, தெருவிளக்கு எரியாத இடத்தில் கொஞ்சம் பார்வை உள்ளவருக்குக் கிணறு மாதிரி.

நீங்கள் முன்னால் போகாதீர்கள். அவர்கள் போகட்டும், நீங்கள் பின்னால் போய் எழுதுங்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்களோ, எங்கே சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு இறங்குகிறார்களோ, அங்கே சாக்பீஸில் ஒரு எண். நோட்டில் அதே எண்ணுக்கு நேரே என்ன தடை, எவ்வளவு உயரம் அல்லது அகலம், அது யார் பொறுப்பு என்று எழுத வேண்டும். இந்த மூன்றாவது விஷயத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும், அதன் ஓரத்து வாறுகால் பேரூராட்சியுடையது, நடுவில் நிற்கும் கம்பம் மின்வாரியத்துடையது. தப்பான ஆளிடம் மனுக் கொடுத்தால் ஆறு மாதம் காகிதம் மட்டும் ஊர் சுற்றும்.

முக்கால் கிலோமீட்டரில் எங்களுக்கு 41 எண்கள் விழுந்தன. அதில் முதல் எண் பேருந்தின் படிக்கட்டே. அது நம் கையில் இல்லை. அதைத் தனித்தாளில் எழுதிப் போக்குவரத்துக் கழகக் கிளைக்குக் கொடுத்துவிட்டு மற்ற நாற்பதுக்கு வந்தோம்.

காசில்லாமல் ஆகிற வேலைகளை உடனே முடியுங்கள்

நாற்பதில் பதினாறுக்கு ஒரு பைசா செலவில்லை. சாய்தளத்தின் வாயில் நிற்கும் பைக்குகள், நடைபாதைக்கு வந்துவிட்ட கடைப் பலகை, தலையில் இடிக்கிற உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தகரக் கூரை, ஆடுகிற வாறுகால் ஸ்லாப். பார்வையில்லாதவரின் கோல் தரையைத்தான் தட்டிப் பார்க்கும். நெற்றிக்கு நேரே வரும் தகரத்தை அது சொல்லாது. இதைக் கடைக்காரரிடம் நாங்கள் வாயால் விளக்கவில்லை. குழுவில் இருந்த பெரியவரை அந்தத் தகரத்துக்கு முன்னால் நிற்கவைத்தோம். மறுநாளே வெட்டிவிட்டார்.

ஒரு லிட்டர் மஞ்சள் பெயிண்ட் வாங்கி, பாதையில் உள்ள எல்லாப் படிகளின் விளிம்பிலும் இரண்டு அங்குலப் பட்டை அடித்துவிடுங்கள். மொசைக் படியும் கிரானைட் படியும் கொஞ்சம் பார்வை உள்ளவர் கண்ணுக்கு ஒரே பரப்பாகத்தான் தெரியும். எங்கே முடிகிறது என்பதே தெரியாது. இவ்வளவு மலிவான, இவ்வளவு பேருக்கு உதவுகிற வேலை வேறு கிடையாது. என் அம்மாவே நன்றி சொன்னார்.

இன்னொன்று, பூங்கா, நடைபாதை வாயில்களில் கார் நுழையக்கூடாது என்று நடும் இரும்புக் கம்பிகள். இடைவெளி மூன்றடிக்குக் குறைந்தால் வீல்சேர் நுழைவதும் சிரமம். மூன்றிலிருந்து நான்கடிக்குள் வைத்தால் கார் நிற்கும், ஆள் போவார்.

சாய்தளம்: பன்னிரண்டுக்கு ஒன்று

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பணம் அதிகம் வீணாவது இங்கேதான்.

விதி எளிது. ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். அதாவது உயரம் எத்தனை அங்குலமோ அத்தனை அடி நீளம். ஆறங்குலப் படி மூன்று இருந்தால் பதினெட்டு அங்குலம்; சாய்தளம் பதினெட்டு அடி. மேஸ்திரியிடம் இதைச் சொன்னதும் என்ன சொல்வார் என்று எனக்கு மனப்பாடம். "சார், பதினெட்டடி போட்டா ரோட்டுக்கே போயிரும். ஆறடி போதும், நம்ம பைக்கே ஏறுதே." பைக்குக்கு இன்ஜின் இருக்கிறது. வீல்சேரில் இருக்கிறவருக்குத் தன் இரண்டு கைகள்தான். ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். சரிவு கூடினால் சக்கரம் கையை மீறி ஓடும்.

இடம் பத்தவில்லை என்றால் மடக்குங்கள். ஒன்பதடி போய், ஐந்தடி சமதளம் விட்டுத் திரும்பி, இன்னொரு ஒன்பதடி. அகலம் நான்கடிக்குக் குறையக்கூடாது. நேராகவே போகிற நீளமான சாய்தளம் என்றால் ஒன்பது மீட்டருக்கு ஒரு சமதளம் வேண்டும். மேலே கதவுக்கு முன்னால் ஐந்துக்கு ஐந்தடி சமதளம் கட்டாயம். இல்லாவிட்டால் ஒரு கையால் கதவைத் தள்ளும்போது வண்டி பின்னால் உருளும். கைப்பிடி இரண்டு பக்கமும், இரண்டு உயரத்தில்: 900 மில்லிமீட்டரில் ஒன்று, 700-இல் ஒன்று. ஓரத்தில் சக்கரம் நழுவாதபடி சின்னக் கட்டை எழுப்ப வேண்டும். தரையில் டைல்ஸ் ஒட்டவே கூடாது. சிமெண்ட் பூசி, ஈரம் காய்வதற்குள் குறுக்கே துடைப்பத்தால் கோடு இழுத்துவிட்டால் மழையில் வழுக்காது. திறப்பு விழாவுக்குப் பளபளப்பாக இருக்க வேண்டும் என்று டைல்ஸ் கேட்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

கட்டி முடித்த சாய்தளம் சரியா என்று பார்க்க இன்ஜினியர் வேண்டாம். இரண்டடி ரசமட்டத்தைச் சரிவின் மேல் நீளவாக்கில் வையுங்கள். தாழ்ந்த பக்கத்து நுனியை, குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள். அந்த நுனிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி இரண்டு அங்குலத்துக்குள் இருந்தால் பாஸ். கூடினால் ஃபெயில். ரசமட்டம் இல்லையென்றால் செல்போனைச் சரிவில் படுக்கவைத்துக் கோணம் காட்டும் செயலியைத் திறங்கள். ஐந்து டிகிரியைத் தொட்டாலே சரிவு அதிகம். எங்கள் பாதையில் ஏற்கெனவே இருந்த நான்கு சாய்தளங்களில் இந்தச் சோதனையில் தேறியது ஒன்று.

ரோடு உயர்ந்துகொண்டே போகும் ஊர் என்றால் இன்னொரு தொல்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்டால், சாய்தளத்தின் அடி புதைந்து அங்கே குழி விழும், மழைத் தண்ணீர் நிற்கும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இலேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். ரோடு வேலை நடக்கிற அன்று ஓர் ஆள் போய் நின்று கேளுங்கள்.

எல்லா இடத்துக்கும் சாய்தளம் தீர்வில்லை. மாடியில் இருக்கிற அலுவலகத்துக்குச் சாய்தளம் கேட்டால் நூறடிக்கு மேல் போகும். அங்கே கேட்க வேண்டியது வேறு: ஒரு மேஜையைக் கீழே இறக்குங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது கீழே உட்கார்ந்து மனு வாங்கட்டும். லிஃப்ட் வரும் வரை காத்திருந்தால் நமக்கு வயதாகிவிடும்.

இதையெல்லாம் காகிதத்தில் படிப்பதைவிட நேரில் பார்ப்பது மேல். எங்களுக்குப் பக்கத்திலேயே ஆய்க்குடி இருக்கிறது, அதுவும் ஒரு பேரூராட்சிதான். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவை இழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எங்கள் மேஸ்திரியை ஒருநாள் அந்த வளாகத்துக்குக் கூட்டிப்போனேன். அவரை ஒரு வீல்சேரில் உட்காரவைத்துத் தானே உருட்டிக்கொண்டு ஏறச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, "சார், இதுக்கே கை கடுக்குதே" என்றார். அதன்பிறகு என்னிடம் ஆறடிக் கணக்குப் பேசவில்லை.

கழிப்பறை

பாதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது இல்லாவிட்டால் பெண்கள் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். கிளம்பினாலும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல்தான் வருவார்கள். குழுவில் இருந்த ஓர் அக்கா இதை ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார், ஏதோ குடை எடுத்து வருகிற மாதிரி.

இங்கே என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷமாக நான் வரைந்த பிளான்களில் கழிப்பறைக் கதவு இரண்டரை அடி. எல்லோரும் போடுகிற அளவு, நானும் போட்டேன். நிலைச்சட்டமும் கதவின் கனமும் போக மிஞ்சுவது இரண்டே கால் அடிக்கும் குறைவு. பெரியவர்கள் உட்காரும் வீல்சேர் இரண்டடிக்கு மேல் அகலம், சக்கரத்தை உருட்டும் கைக்கும் இடம் வேண்டும். கதவு திறந்த பிறகு சுத்தமாக மூன்றடி கிடைக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் நகர வேண்டும். உள்ளே திறந்தால், வண்டி உள்ளே போன பிறகு கதவைச் சாத்த முடியாது. யாராவது உள்ளே விழுந்துவிட்டால் வெளியிலிருந்து திறக்கவும் முடியாது.

உள்ளளவு சுமார் ஏழடிக்கு ஆறரை அடி. வெஸ்டர்ன் கோப்பையின் இருக்கை உயரம் ஒன்றரை அடியை ஒட்டி. ஒரு பக்கம் சுவரை ஒட்டிக் கைப்பிடி, மறுபக்கம் வீல்சேர் வந்து நிற்க மூன்றடி காலியிடம், அந்தப் பக்கத்தில் மேலே மடக்குகிற கைப்பிடி. கைப்பிடி ஒருவரின் முழு எடையைத் தாங்க வேண்டும். டவல் மாட்டுகிற கம்பியை வாங்கி மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஒருமுறை இழுத்துத் தொங்கிப் பாருங்கள். தண்ணீர்க் குழாய் உட்கார்ந்தபடி எட்ட வேண்டும். தாழ்ப்பாள், விளக்கு சுவிட்ச், துணி மாட்டும் கொக்கி எல்லாம் உட்கார்ந்த ஆளின் கைக்கு.

இதெல்லாம் சரியாக இருந்தும் பயன்படாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு: பூட்டு. எங்கள் பேருந்து நிலையத்தில் அந்த அறை பிளீச்சிங் பவுடர் மூடைகளுக்கும் துடைப்பத்துக்கும் குடோனாக இருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டு வாங்க எங்களுக்கு மூன்று நாள் ஆனது. இப்போது சாவி எங்கே இருக்கும் என்று கதவிலேயே எழுதியிருக்கிறது.

பார்வையும் காதும்

மஞ்சள் நிறத்தில் மேடு வைத்த டைல்ஸைச் சென்னையில் பார்த்துவிட்டு எல்லா ஊரும் கேட்கிறது. நீளக் கோடு போட்டது "போகலாம்", புள்ளி வைத்தது "நில், கவனி". அர்த்தம் தெரியாமல் பதித்தால் நேரே கம்பத்தில் போய் முட்டவைக்கும். நான் என்ன சொல்வேன் என்றால், சின்ன ஊரில் முதல் செலவு இதில் வேண்டாம். படிக்கட்டின் மேல்தலைப்பு, பேருந்து நடைமேடையின் விளிம்பு, மருத்துவமனை வாசல், இந்த மூன்று இடத்தில் மட்டும் புள்ளி டைல்ஸ் போடுங்கள். மற்ற காசை ஸ்லாப்பைச் சமமாக்கச் செலவிடுங்கள்.

காது கேளாதவர்களுக்குக் கட்டுமானம் வேண்டாம், பழக்கம் மாற வேண்டும். மருத்துவமனையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? டோக்கன் எண்ணைப் பலகையில் எழுதிக் காட்டலாம். குடிநீர் வராத நாளை ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறார்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் போடச் சொல்லுங்கள். ஆனால் நோட்டீஸைப் படம் பிடித்துப் போடக்கூடாது. பார்வையில்லாதவரின் செல்போன் எழுத்தைத்தான் வாசிக்கும், படத்துக்குள் இருக்கிற எழுத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். தட்டச்சு செய்து போட்டால் இரண்டு பேருக்கும் போய்ச் சேரும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. வரிசையில் முன்னால் விடுங்கள், ஏன் என்று எல்லோர் முன்னாலும் விளக்கச் சொல்லாதீர்கள்.

மனு, சட்டம், பணம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 44-ஆம் பிரிவுப்படி, அணுகல் விதிகளுக்குப் பொருந்தாத பிளானுக்கு அனுமதியோ, கட்டி முடித்த சான்றிதழோ தரக்கூடாது. 45-ஆம் பிரிவு, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த ஐந்து ஆண்டுக்குள் மாற்றச் சொன்னது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. 89-ஆம் பிரிவில் மீறலுக்கு முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் வரை, அடுத்த தடவைகளில் ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை அபராதம். அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்திருந்த விதி சட்டத்துக்குப் பொருந்தாது என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரத்தூரி 2005-இல் போட்ட வழக்கு அது. "இதெல்லாம் வழிகாட்டுதல்தானே சார்" என்று யாராவது சொன்னால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

அண்ணாச்சி இந்தச் சட்டத்தை எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னது: "எங்க பேரை மாத்தியாச்சு, படியைத்தான் மாத்தல."

மனுவில் "சாய்தளம் அமைத்துத் தரவும்" என்று மட்டும் எழுதினால் மறுபடி நெல்லுமூடைச் சறுக்குதான் கிடைக்கும். இப்படி எழுதுங்கள்: "பேருந்து நிலையக் கழிப்பறை முன் உள்ள 12 அங்குல உயரத்துக்கு, 12 அடிக்குக் குறையாத நீளமும் 4 அடிக்குக் குறையாத அகலமும் உள்ள சாய்தளம், இருபுறமும் கைப்பிடியுடனும் மேலே 5-க்கு 5 அடி சமதளத்துடனும் அமைத்து, மாற்றுத்திறனாளிகள் முன்னிலையில் அளந்து பார்த்த பிறகே பணம் வழங்குமாறு வேண்டுகிறோம்." கடைசி வரிதான் உயிர். பணம் கொடுத்த பிறகு அளந்து என்ன பிரயோஜனம்?

பேரூராட்சிக்கு உரியதைச் செயல் அலுவலரிடம் கொடுத்து, ஒப்புகை வாங்கி, நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு அனுப்புங்கள். நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். அங்கும் நகரவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். பணத்துக்குப் பேரூராட்சிப் பொதுநிதி, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, ஊரார் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும் நமக்கு நாமே திட்டம் என்று வழிகள் உண்டு. தனியார் கடைகளுக்கு மனு வேண்டாம். வெல்டிங் பட்டறையில் செக்கர் பிளேட்டில் (வழுக்காதபடி மேடு வைத்த உலோகத் தகடு) மடக்குப் பலகை ஒன்று அடித்து, வாசலில் ஓர் அழைப்பு மணியும் வைத்தால், ஒற்றைப் படிக் கடைக்கு அது பெரிய உதவி. பலகை கனமாக இருந்தால் கடைப்பையன் எடுக்க மாட்டான். மெல்லிய தகடாகச் சொல்லுங்கள்.

முடிந்த பிறகு

சென்னை மெரினாவில் சக்கர நாற்காலியில் கடலருகே போக மரப்பாதை ஒன்றை 2022 நவம்பர் 27 அன்று திறந்தார்கள். 263 மீட்டர், செலவு ஒரு கோடிக்கு மேல். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து சிதைத்துவிட்டது. பிறகு சரிசெய்தார்கள். நம் ஊரில் புயல் வேண்டாம், ஒரு தண்ணீர்க் குழாய் தோண்டல் போதும். தோண்டியவர் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போவார். மேட்டில் சக்கரம் ஏறாது.

அதனால் ஒவ்வொரு டிசம்பர் 3-ஆம் தேதியும், மாற்றுத்திறனாளிகள் தினத்தில், மேடை போட்டுச் சால்வை போர்த்தும் நேரத்துக்கு முன்னால், அதே குழு அதே டேப்போடு அதே பாதையில் நடக்கிறது. போன தடவை நாற்பதில் ஒன்பது மறுபடி கெட்டிருந்தன. இந்த டிசம்பருக்கான நோட்டில் இப்போதைக்கு ஒரே ஒரு வரி இருக்கிறது: பேருந்து நிலையக் கழிப்பறை, உள் தாழ்ப்பாள் இறுகுகிறது, எண்ணெய் விட வேண்டும்.